ஏறும் கருவியும் தாங்கும் கருவியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





பாறையேறும் கருவிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று இளைஞர் சிலர் கேட்டனர். கேட்டவுடன் பெரியவர் ஒருவர், "தம்பி, கீரிமலையிலே மலை பேரிலேதானே இருக்கிறது; எந்தப் பாறையில் ஏறப் போகிறீர்கள்?" என்று சிரித்தார். அவர் கேட்டது நியாயமே. எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் விரித்த பாய்போன்ற தட்டை நிலம். ஆனால் இந்தத் தட்டை நிலத்திலேதான் உலகத்தின் மிகப் பழைய ஏறுதற் கலைகளுள் ஒன்று நாள்தோறும் நடைபெற்று வருகிறது. விடியுமுன் தளநாரைத் தோளிலே போட்டுக்கொண்டு போகிற சீவல் தொழிலாளியே அந்தக் கலையில் வல்லவர். ஆகவே பாறையேறுவோர் கருவியையும் பனையேறுவோர் கருவியையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இன்றைய என் நோக்கம்.

மலையோடு நமக்குத் தொடர்பே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபன் பதூதா என்னும் யாத்திரிகர், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்துச் சிவனொளிபாத மலைக்குப் போக விரும்புவதாகச் சொன்னார். மன்னர் யோகிகளையும் பிராமணரையும் துணைக்குக் கொடுத்துப் பல்லக்கும் உதவி அனுப்பினார். அந்த மலையின் செங்குத்தான இடங்களில் ஏறுவோர் பற்றிக்கொள்வதற்கு இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன என்று அந்த யாத்திரிகர் எழுதி வைத்திருக்கிறார். உயரத்தில் ஏறும் மனிதனுக்குக் கை, கால் மட்டும் போதாது; பற்றுவதற்கு ஒன்று வேண்டும் என்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இரண்டு கேள்விகள்

ஏறுவோர் கருவி எதை எடுத்தாலும் அதனிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். நான் ஏறுவதற்கு நீ உதவுவாயா? இது முதலாவது. நான் தவறினால் என்னைத் தாங்குவாயா? இது இரண்டாவது. இவ்விரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றைச் செய்யும் கருவி மற்றதையும் செய்யும் என்று எண்ணுவதாலேயே பல உயிர்கள் போகின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு முதலிலே பாறைக்குப் போவோம்.

பாறை வெடிப்பில் ஒரு தோழன்

மேல்நாட்டிலே பாறையேறுவோர் முற்காலத்தில் வெடிப்புகளில் இரும்பு ஆணிகளைச் சுத்தியலால் அறைந்து, அவற்றிலே கயிற்றைக் கொழுவினர். ஏறியவர் பின் ஏறியவர் ஆணியை அடித்தும் பிடுங்கியும் பாறையைப் புண்ணாக்கினர். 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இதற்கு எதிராக ஒரு விழிப்பு உண்டாயிற்று. சுத்தியல் இல்லாமல், கையாலே வைத்துக் கையாலே எடுக்கும் கருவிகளைப் பாவிக்க வேண்டும் என்றனர். முதலில் வந்தவை ஆப்புப் போன்ற உலோகத் துண்டுகள். கீழே ஒடுங்கிச் செல்லும் வெடிப்பிலே அவை நன்றாக இறுகும். ஆனால் இரு பக்கமும் சமாந்தரமாய் நிற்கும் வெடிப்பிலே ஆப்பு நில்லாமல் வழுகி வந்துவிடும்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் றே ஜாடீன் என்ற அமெரிக்கர். விண்வெளித் துறையிலே பொறியியல் வேலை பார்த்தவர். யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிலே 1970களில் அவர் இரகசியமாகச் செய்து பரீட்சித்த கருவியிலே, ஓர் அச்சில் நான்கு சில்லுத் துண்டுகள் எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருந்தன. விரலால் ஒரு விசையை இழுத்தால் அவை சுருங்கும். வெடிப்பினுள் வைத்து விட்டால் சுருள்வில் அவற்றை விரித்துச் சுவரிலே முட்ட வைக்கும். மனிதன் விழுந்து கயிறு இழுபடும்போதோ அந்தச் சில்லுகள் இன்னும் விரியப் பார்த்துப் பாறையை இறுக்கிக்கொள்ளும். விழுகிறவனுடைய பாரமே அவனைத் தாங்கும் பிடியாக மாறுகிறது! இத்தகைய கருவியை மேல்நாட்டார் 'காம்' என்பர். நாம் சுழிச்சில்லு என்று சொல்வோம். வெளியார் அறியாதபடி பேசுவதற்காக ஜாடீனின் கூட்டாளிகள் இதற்குத் 'தோழர்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டார்கள். 1978இல் இங்கிலாந்திலே விற்பனைக்கு வந்தபோதும் 'பிறெண்ட்ஸ்' என்ற அப்பெயரே நிலைத்தது. தம்பிரான் தோழர் என்று சுந்தரரைப் போற்றும் நமக்கு, விழும்போது கை கொடுப்பவனே தோழன் என்பதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சில்லின் விளிம்பு வெறும் வட்டமன்று. சங்கின் சுழியை நினைத்துப் பாருங்கள். சங்கு வளர வளரச் சுழி பெரிதாகும், வடிவம் மாறாது. சில்லின் விளிம்பும் அவ்வாறான சுழிக்கோட்டிலே வெட்டப்பட்டிருப்பதால், வெடிப்பு ஒடுக்கமாயிருந்தாலும் அகலமாயிருந்தாலும் அது பாறையை ஒரே கோணத்தில் முட்டுகிறது. ஜாடீனின் கருவியில் அந்தக் கோணம் 13.75 பாகை.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். மெற்றோலியஸ் கருவியின் கோணம் 13.25 பாகை. 1987இல் இரண்டு அச்சுகளோடு வந்த கமலொட் என்ற கருவியின் கோணம் 14.5 பாகை. ஏலியன் என்ற சிறு கருவியின் கோணம் 16 பாகை. இந்தச் சிறு வேறுபாட்டால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கயிற்றை 100 கிலோ பாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோணம் 13.25 ஆயின் வெடிப்பின் ஒவ்வொரு சுவரும் ஏறக்குறைய 212 கிலோ அளவுக்கு அமுக்கப்படும், 13.75 ஆயின் 204, 14.5 ஆயின் 193. 16 ஆயின் 174. கோணம் சிறிதாகச் சிறிதாகப் பிடி இறுகும். ஆனால் ஒரு கருவி பொருந்தக்கூடிய வெடிப்பின் வீச்சு குறையும். கோணம் பெரிதானால் வீச்சு கூடும். வழுக்கலான பாறையிலே பிடி குறையும். இரண்டு அச்சு வைத்தவர்கள் பிடியை அதிகம் இழக்காமல் வீச்சைக் கூட்ட வழி கண்டார்கள். அதற்கு விலையாகச் சிறிது பாரம் கூடிற்று. ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டும். குறையில்லாத கருவி எங்கும் இல்லை; இடத்துக்கு ஏற்ற கருவிதான் உண்டு.

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் பரிசோதனை வேண்டும் என்பதற்கும் இங்கே ஒரு பாடம் உண்டு. 2006இல் அமெரிக்காவில் ஒரு சிறு தொழிலகம் தான் செய்த சுழிச்சில்லுகளிலே உலோகம் ஒட்டிய பொருத்துகள் சில கழன்றமையால், விற்றவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கண்ணுக்கு அழகாக இருந்த கருவி. உள்ளே ஒட்டு சரியில்லை. அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சுழிச்சில்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஏறுவதில்லை. ஏறுவது கையாலும் காலாலுமே. சில்லு நம் இரண்டாவது கேள்விக்கு மாத்திரம் விடை சொல்கிறது. ஏறும்போது வேலை செய்யாமல் சும்மா இருக்கிற கருவிக்காக அவர்கள் பணத்தையும் மூளையையும் இவ்வளவு செலவிட்டிருக்கிறார்கள்.

பனைக்கு வருவோம்

நமது தளநாரை எடுங்கள். பனைநாரால் முறுக்கிய ஒரு வளையம், விலை அற்பம். அதை இரண்டு பாதங்களிலும் மாட்டிக்கொண்டு மரத்தை இரு பாதங்களாலும் அணைக்கிறார். உடம்பின் பாரம் கீழே வரும்போது பாதங்கள் விலகப் பார்க்கின்றன. நார் விலக விடுவதில்லை. எனவே உள்ளங்கால்கள் மரத்தை இறுக்குகின்றன. பாரமே பிடியாகும் அதே தத்துவம்! யொசெமிற்றியிலே பொறியியலாளர் உலோகத்தில் கண்டதை எங்கள் மூதாதையர் நாரிலே எப்போதோ கண்டுவிட்டனர். எடுத்துச் செல்லப் பாரமில்லை. மரத்திலே பூட்ட நேரமில்லை. அறுந்தால் அன்றைக்கே இன்னொன்று முறுக்கலாம். ஏறும் கருவி என்ற வகையிலே தளநாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இரண்டாவது கேள்வியை அதனிடம் கேட்டால்? கை தவறினால் தளநார் தாங்குமா? தாங்காது. தாங்கும் கருவி எதுவுமே அவரிடம் இல்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒருவர் பதினைந்து மரம் சீவுகிறார். மரம் ஒவ்வொன்றும் 12 மீற்றர், அதாவது நாற்பது அடி. காலையும் மாலையும் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 360 மீற்றர். சிகிரியாக் குன்றை அடியிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய இருமுறை ஏறியதற்குச் சமம். நூறு நாளைக்கு 36,000 மீற்றர். எவரெஸ்ற் சிகரம் கடல் மட்டத்திலிருந்து 8,849 மீற்றர். நூறு நாளில் நான்கு எவரெஸ்ற்! 2016இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ற் உச்சியை அடைந்தபோது, அங்கே கால் வைத்த முதல் இலங்கையர் என்று நாடு முழுவதும் கொண்டாடிற்று. அது தகும். ஆனால் அவருடைய இடுப்பிலே பட்டியும் கயிறும் இருந்தன. எங்கள் வளவுப் பனையிலே ஏறுகிறவருக்கு அதுவும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை.

அந்த நாற்பது அடியிலிருந்து தவறினால் நிலத்தை அடைய ஏறக்குறைய ஒன்றரைச் செக்கன் செல்லும். நிலத்தை முட்டும் வேகம் மணிக்கு 55 கிலோமீற்றர். முருகா என்று சொல்வதற்குள் முடிந்துவிடும். பிழைத்தவர்களிலும் முதுகெலும்பு முறிந்து படுக்கையோடு கிடப்பவர் உண்டு. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, அதன் பின் வறுமையும் வந்து அந்தக் குடும்பத்தை மிதிக்கிறது.

மற்றவர் கண்ட வழிகள்

தெற்கே வாதுவை, களுத்துறைப் பக்கத்திலே தென்னங்கள் இறக்குவோர் மரத்துக்கு மரம் மேலும் கீழுமாக இரண்டு கயிறு கட்டி, ஒன்றிலே நடந்து மற்றதைப் பிடித்துக்கொண்டு செல்வர். ஒருமுறை ஏறினால் பல மரத்தைப் பார்க்கலாம். ஏறும் களைப்புப் பெரிதும் குறையும். ஆயினும் கால் வழுகினால் தாங்க அங்கும் ஒன்றும் இல்லை. வரிசையாய் நட்ட தென்னந்தோப்புக்கு அது பொருந்தும். விழுந்த வித்து முளைத்த இடமெல்லாம் நிற்கிற எங்கள் பனங்கூடலுக்குப் பொருந்துவது கடினம்.

கேரளத்திலே கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் என்ற விவசாயி இரண்டு இரும்புச் சட்டங்களால் ஒரு தென்னையேறும் யந்திரம் செய்தார். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு மிதிபடியும், மரத்தைச் சுற்றும் ஓர் இரும்புக் கயிற்று வளையமும் உண்டு. மிதித்தால் வளையம் இறுகும். காலைத் தூக்கினால் தளரும். ஒன்றை இறுக்கி மற்றதை உயர்த்தி, படியேறுவதுபோல நின்றபடியே ஏறலாம். இங்கும் பாரமே பிடி. பழக்கமில்லாதவரும் பெண்களும்கூடச் சில நாட்களிலே பழகிக்கொள்கிறார்கள். 2011இல் இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் இதைக் கொண்டு இளைஞருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி, பயிற்சி பெற்றவர்களுக்குத் 'தென்னையின் தோழர்' என்று பெயரிட்டது. பாறையிலும் தோழன், தென்னையிலும் தோழன்! இந்த யந்திரத்திலே முதலில் இருந்த குறையும் இரண்டாவது கேள்வியிலேயே இருந்தது. காசர்கோட்டிலுள்ள தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் பின்னர் அதற்கென்று ஒரு பாதுகாப்புப் பட்டி இணைப்பை அமைத்தார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருந்துகொண்டே ஏறும் வகை ஒன்றைச் செய்தது. அதிலே களைப்புக் குறைவு, வேகமும் குறைவு.

இவற்றை அப்படியே வாங்கிவந்து பனையிலே பூட்டினால் என்ன? பல தடைகள் உண்டு. பனையின் அடி பருத்தது. மேலே போகப் போகப் பருமன் மாறும். வடலி முற்றி வந்த மரத்திலே மட்டை அடிகள் விடாமல் ஒட்டியிருக்கும். வளையம் அவற்றிலே சிக்கும். வட்டுக்குக் கிட்டப் போனபின் யந்திரத்தை விட்டுவிட்டுக் கருக்கு மட்டைகளுக்கு நடுவே புகுந்து இருந்துதான் பாளை சீவ வேண்டும். அந்த இடத்திலே யந்திரத்தால் பயனில்லை. மேலும் ஒவ்வொரு மரத்திலும் பூட்டிக் கழற்ற இரண்டு நிமிடம் என்றாலும், பதினைந்து மரம் இருவேளை சீவுகிறவருக்கு ஒரு மணித்தியாலம் போய்விடும். கருவியைச் செய்கிறவர் இதை எண்ணாமல் விடலாம். கூலியை இழப்பவர் எண்ணாமல் விடமாட்டார். காலிலே முள்ளிரும்பு கட்டி மரத்தைக் குத்தி ஏறுவதோ கூடவே கூடாது. பனை தன் உடம்பிலே பட்ட காயத்தை மற்ற மரங்களைப்போல வளர்ந்து மூடிக்கொள்வதில்லை. ஆணி அறைந்து பாறையைப் புண்ணாக்கிய கதையாகவே அது முடியும்.

எதைக் கொள்ளலாம்?

ஆகவே என் முடிவு இது. ஏறுவதற்குத் தளநார் இருக்கட்டும். தாங்குவதற்கு மட்டும் ஒன்றைச் சேர்ப்போம். மரவேலை செய்வோர் பிற நாடுகளில் பாவிக்கும் இடுப்புப் பட்டியும், மரத்தைச் சுற்றிவரும் இரண்டு சுற்றுக் கயிறுகளும் போதும். இரண்டு ஏன்? மட்டையையோ பாளையையோ தாண்டும்போது ஒன்றைக் கழற்றி மேலே போடும்வரை மற்றது மரத்தோடு இருக்க வேண்டும். ஒருபோதும் இரண்டும் கழன்றிருக்கலாகாது. அந்தக் கயிற்றின் உள்ளே உருக்குக் கம்பி இருப்பது நல்லது. ஏனெனில் இவர் கையிலே பாளைக்கத்தி இருக்கிறது. கூரான கத்தி, பாரம் தொங்கும் நைலோன் கயிற்றிலே பட்டால் நூல்போல அறுத்துவிடும். ஆனால் உருக்கு இழுபட்டு நீளாது. ஆகையால் சுற்றுக் கயிற்றை எப்போதும் இடுப்புக்கு மேலாக, தொய்வின்றி வைத்திருக்க வேண்டும். அரை அடி விழுந்து நிற்பதும் ஆறு அடி விழுந்து நிற்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் கயிறு தாங்கினாலும் முதுகு தாங்காது.

தொங்கி நிற்பவரை விரைவாக இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியிலே அசையாமல் நெடுநேரம் தொங்கினால் கால்களிலே இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து வரும். நிலத்திலே விழுந்தவரையோ அவசரத்திலே தூக்கி இருத்தக்கூடாது. கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்திலே எங்கள் இளைஞர்கள் கற்றுக்கொள்ளலாம்.

இன்னுமொன்று. நவராத்திரியிலே ஆயுத பூசை செய்கிறோம். கருவிக்குச் சந்தனம் வைத்துப் பூச்சூட்டுகிறோம். அன்றைக்கே ஒவ்வொரு கயிற்றையும் விரலாலே தடவிப் பார்த்து, நைந்ததை எரித்துவிடும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், அதைவிட மெய்யான ஆயுத பூசை வேறில்லை.

நமது கடமை

இதையெல்லாம் ஒரு சைவ இளைஞர் மன்றத்திலே ஏன் பேச வேண்டும் என்று பெரியோர் சிலர் எண்ணலாம். பனைமரத்தின் கீழிருந்து பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்ற பயமும் இருக்கலாம். மதுவைப் பற்றி நம் மன்றத்தின் கொள்கை யாவரும் அறிந்ததே; அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆடிப்பிறப்புக் கூழுக்குப் பனங்கட்டி எங்கிருந்து வருகிறது? சுண்ணாம்பு தடவிய முட்டியிலே இறக்கிய கருப்பநீர் அல்லவா அது? வீட்டிலே இனிப்பை உண்டுவிட்டு, அதை இறக்கியவர் விழுந்தால் நமக்கென்ன என்று இருப்பது எந்தச் சைவம்?

திருப்பனந்தாளிலும் திருப்பனையூரிலும் பனையே தலவிருட்சம். திருவோத்தூரிலே ஞானசம்பந்தப் பெருமான் ஆண்பனைகளைக் குலை ஈனச் செய்தார் என்று போற்றுகிறோம். அறுபத்து மூவருள் ஏனாதிநாத நாயனார் ஈழக்குலச் சான்றார் மரபில் வந்தவர் என்று சேக்கிழார் சொல்கிறார். சான்றார் என்பது பனைத்தொழிலோடு சேர்த்து வழங்கிய பெயர். நாயன்மார் வரிசையிலே வைத்துக் கும்பிட்ட மரபை ஊரிலே வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாங்கள். அதற்காக 1957இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னும் 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் வேண்டியிருந்தது. ஏறுகிறவருக்குத் தாங்கும் கருவி ஏன் இத்தனை காலமும் செய்யப்படவில்லை என்று கேட்டால், நார் இல்லாமலோ மூளை இல்லாமலோ அல்ல; விழுந்தவர் யார் என்று பார்த்துக் கவலையை அளந்தபடியாலே என்று நான் சொல்வேன். கசப்பான சொல்தான். மருந்தும் கசக்கும்.

போர்க் காலத்திலே எத்தனையோ பனைகள் தறிபட்டும் எறிகணை பட்டும் போயின. 1978இலே பனை அபிவிருத்திச் சபை உண்டாயிற்று. கைதடியிலே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. வித்து நாட்டுகிறோம், நல்லது. ஆனால் நாட்டிய வித்து வளர்ந்து நிற்கும்போது அதில் ஏறுவதற்கு ஆளிருக்குமா? தன் பிள்ளை இந்த மரத்தில் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு தொழிலாளியும் நேர்ந்துகொள்கிற தொழில் எப்படி நிலைக்கும்?

ஆகையினால் மன்றத்துக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த சீவற் பருவத்துக்கு முன் இரண்டு இடுப்புப் பட்டிகளும் நான்கு சுற்றுக் கயிறுகளும் வாங்குங்கள். நமது ஊர்த் தொழிலாளர் சங்கத்திடம் போய், "அண்ணை, ஒரு பருவம் கட்டிப் பாருங்கோ, எது நல்லது, எது சரியில்லை என்று நீங்களே சொல்லுங்கோ" என்று கேளுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மரத்திலே ஏறுகிறவரே. யொசெமிற்றியிலே கருவியைச் செய்தவரும் அதை நம்பித் தொங்கியவரும் ஒருவரே ஆனபடியாலேதான் அந்தக் கருவி திருந்திற்று. அவர் சொல்லும் குறையை நமது பட்டறைப் பிள்ளைகள் திருத்தட்டும். அடுத்த ஆண்டு விழாவிலே இந்த மேடையில் நின்று அந்த ஒப்பீட்டைச் சொல்ல, ஒரு சீவல் தொழிலாளியை அழைத்து மாலையிட்டு முன்வரிசையில் இருத்துங்கள்.

ஏறுகிறவருக்கு நாம் தோழராவோம்.